சென்சரை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொகவந்தலாவைக்கு, மற்றது மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு. டிசம்பர் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் வான்களும் கார்களும் இரவிரவாக ஓடும் பாதை இது. அந்தக் காலம் முடிந்த கையோடு தென்மேல் பருவமழை வந்துவிடும். மூட்டம் இறங்கிய வளைவில் முன்னால் போகும் வண்டி தெரியாது, அதன் சிவப்பு பிரேக் விளக்கு மட்டும்தான் தெரியும். அது எரியாமல் போனாலும் ஆபத்து, எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தாலும் ஆபத்து. முன்வண்டி எப்போது நிற்கப்போகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இந்த விளக்குக்கு உத்தரவு போவது பிரேக் மிதியிலிருந்து. பழைய வண்டிகளில் மிதிக்கு மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். மிதித்தாயிற்றா இல்லையா என்பதை மட்டும் அது சொல்லும். பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் அந்தச் சுவிட்சோடு ஒரு சென்சரும் உண்டு. எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதை அது அளந்து கணினிக்கு அனுப்பும். மோட்டாரைக் கொண்டு எவ்வளவு வேகம் குறைப்பது, எண்ணெய் அழுத்தத்தால் எவ்வளவு குறைப்பது என்று கணினி பங்கு பிரிப்பதற்கு இந்த அளவு வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த வண்டிகளையே பழுதுபார்த்து ஓட்டினோம். மலைநாட்டின் ஈரத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் கிடந்த வயரிங்கில் இன்று கோளாறு தலைகாட்டுவதில் வியப்பில்லை.

அறிகுறிகள் பல மாதிரி வரும். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கியர் ‘பி’யை விட்டு நகராது. இரவில் விளக்கு அணையாமல் எரிந்து, காலையில் பற்றரி இறங்கிக் கிடக்கும். டாஷ்போர்ட்டில் ஏபிஎஸ் விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து எரியும்.

ஸ்கேனரைப் பொருத்தினால் ஒரு கோட் வரும். பி0571 என்றால் பிரேக் சுவிட்சின் மின்சுற்று. பிரியஸில் சி1247 என்றால் மிதியின் அசைவை அளக்கும் சென்சரின் சுற்று. ‘சுற்று’ என்ற சொல்லைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. கோட் சொல்வது சென்சர் செத்துவிட்டது என்றல்ல. சென்சர், வயர், கனெக்டர், ஏர்த், கணினி என்ற அந்தப் பாதையில் எங்கோ பிழை என்றுதான் சொல்கிறது. கோட்டைப் பார்த்தவுடன் கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஆளனுப்பிப் பழைய சென்சர் வாங்கும் பழக்கத்தால் வீணாகும் பணம் கொஞ்சமல்ல.

உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2014 மே மாதம் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 24 இலட்சம் கார்களைத் திருப்பி அழைத்தது. 2004 முதல் 2012 வரையிலான செவ்ரோலே மலிபுவும் அதன் உறவு மாதிரிகளும் அவை. மிதிக்கும்போது பிரேக் விளக்கு எரியாமல் இருந்தது, மிதிக்காதபோது எரிந்தது. வண்டி வழுக்காமல் காக்கும் வசதிகளும் செயலிழக்கக்கூடிய நிலை. சென்சரில் அல்ல, கணினியோடு வயரிங் சேரும் கனெக்டரில்தான் மூல காரணம் இருந்தது. ஓட்டத்தின் நுண்ணதிர்வில் கனெக்டரின் ஊசிகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, அங்கே துரு போன்ற படிவு உண்டாகி, மின்தடை கூடியது. அதனால் மிதியின் நிலையைச் சொல்லும் வோல்டேஜ் பிசகியது. கனெக்டரை அசையாமல் இறுக்குவது, ஊசிகளுக்குப் பாதுகாப்புக் கிரீஸ் பூசுவது, மிதியின் ஓய்வுநிலையைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது என்பதுதான் நிறுவனம் அறிவித்த திருத்தம். நமது குழி விழுந்த தோட்டப் பாதைகளில் அதிர்வுக்கு என்ன குறை?

ஆகவே தேடலை மலிவான இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் மிதிக்குக் கீழே விரிப்பைப் பாருங்கள். நொறுங்கிய சிறு பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் பாதிக் கதை முடிந்தது. சுவிட்சின் முனையை அழுத்தி வைத்திருக்கும் சிறு குமிழ் மிதியின் தண்டில் இருக்கும். வருடக்கணக்கில் அது உலர்ந்து உடையும்போது முனை ஓட்டைக்குள் நுழைந்து, விளக்கு அணையாமல் எரியும். குமிழின் விலை அற்பம். அடுத்து பியூஸ், பல்புகள், பின் விளக்குக்குள் தண்ணீர் புகுந்த சொக்கட்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் ஸ்கேனரில் நேரடி அளவுகளைத் திறந்து, மிதியை மெல்ல மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். எண் இடையில் குதிக்காமல், அறுந்து விழாமல் சீராக ஏற வேண்டும். பிறகு கனெக்டரின் பின்பக்கமாக மல்டிமீட்டரை வைத்து, 5 வோல்ட் வருகிறதா, ஏர்த் சுத்தமா, சிக்னல் மிதியோடு மாறுகிறதா என்று பார்க்கலாம். பிரியஸ் போன்றவற்றில் சிக்னல் இரண்டு. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணினி நம்பாது. 5 வோல்ட்டும் ஏர்த்தும் சரியாக வந்தும் சிக்னல் குதித்தால் அப்போது சென்சரைச் சந்தேகிக்கலாம். 5 வோல்ட்டே வராவிட்டால் வயரிங்கை அசைத்து அசைத்துத் தேடுங்கள். மழை நாளில் மட்டும் வரும் கோளாறென்றால் கனெக்டரைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள்.

பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை இந்த வயர்களில் குத்தக் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் கணினியைக் கெடுக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே தெரியும் மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றைத் தொடவே வேண்டாம்.

சாதாரண காரில் சுவிட்ச் கெட்டாலும் பிரேக் பிடிக்கும். இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் மின்கட்டுப்பாடு விழுந்தால், மிதியின் அழுத்தம் நேராக முன் சக்கரங்களுக்குப் போகும் மாற்றுவழி திறக்கும். ஆனால் மிதி கடினமாகி, வண்டி நிற்கும் தூரம் கூடும். எச்சரிக்கை விளக்கு எரியும் ஹைபிரிட்டோடு கினிகத்தேனை இறக்கத்தில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஹட்டனிலேயே நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

சென்சர் மாற்றிய பிறகும் வேலை மிச்சம் உண்டு. மிதியின் ஓய்வுநிலையை ஸ்கேனர் மூலம் பூச்சியமாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் பிரியஸ் சி1392 என்ற கோட்டைக் காட்டி, எச்சரிக்கை விளக்கை அணைக்க மறுக்கும். புது சென்சரும் பழுது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அந்தப் பதிவு நடக்கும்போது மிதியில் கால் படக்கூடாது. முடிந்ததும் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, மிதியை லேசாகத் தொட்டதும் மூன்று விளக்குகளும் எரிகின்றனவா, விட்டதும் அணைகின்றனவா என்று கேட்டுக்கொண்டு வண்டியை எடுங்கள்.