ஏரிக்குள் மரம், மரத்தில் பறவை, வயலுக்கு எரு
சிறு ஏரிகளைப் பராமரிக்க வேடந்தாங்கல் காட்டும் வழி

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரி பெரிய ஏரி அல்ல. அதன் பரப்பு சுமார் 74 ஏக்கர்தான். ஆனால், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், வக்கா, கூழைக்கடா, கொக்கு என்று பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்கின்றன. நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பங்குனி வாக்கில் திரும்பிப் போகின்றன.

இப்பறவைகளை அவ்வூர் மக்கள் காத்து வருவது இன்று நேற்றல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, அப்போதைய கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து 1798ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். சர்க்கார் அதைச் சரணாலயமாக ஏற்றது 1936இல்தான். 2022இல் ராம்சர் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளில் ஒன்றாகவும் அது சேர்க்கப்பட்டது.

ஊரார் இவ்வளவு அக்கறை காட்டியதற்கு இரக்கம் மட்டும் காரணமல்ல. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் மதகு வழியாக நெல் வயலுக்குப் போகின்றன. மேலும், நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கி நத்தையைப் பொறுக்கித் தின்கிறது. கொக்குகள் பூச்சிகளைப் பிடிக்கின்றன. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் மக்கள் இதே போல் பறவைகளைக் காத்து, எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவை எல்லாம் சரணாலயம் ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் ஏரியை நீர்த்தொட்டியாக மட்டும் கருதாமல், நீர், கரை, மரம், மேய்ச்சல், பறவை ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரே சொத்தாகக் கருதித் திட்டமிடுவது எந்த ஊருக்கும் கைகூடும்.

முதலில் பகுத்துப் பார்க்க வேண்டும்

வேலை தொடங்கும் முன் ஊர்ப் பெரியவர்களும் ஆயக்கட்டு விவசாயிகளும் ஏரியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்ப்பது நலம். வரத்துக் கால்வாய், நீர்ப்பிடிப்பு, உள்வாய், கரை, மதகு, கலிங்கு என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள குறையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடக்கும்போது ஏரியை மட்டும் ஆழப்படுத்துவதால் பயன் இல்லை. மழை நீர் வந்து சேர வழி செய்வதே முதல் வேலை.

சீமைக் கருவேலம்

பல ஏரிகளின் உள்வாயைச் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆடு மாடுகள் இதன் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆகையால் வேரோடு தோண்டி எடுத்தால்தான் தீரும். கரையில் தோண்டிய குழியை அப்படியே விடக்கூடாது. களிமண் இட்டு நன்றாக இடித்து மூடாவிட்டால், மழைக் காலத்தில் அந்த இடமே உடைப்புக்கு வழியாகும்.

அதே சமயம், ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் அழிப்பதும் தவறு. வேறு மரம் இல்லாத ஏரிகளில் பறவைகள் சீமைக் கருவேலத்திலேயே கூடு கட்டுகின்றன. நிலமில்லாத ஏழைகள் பலருக்கு இதுவே விறகு. கரி மூட்டம் போட்டுப் பிழைப்பவர்களும் உண்டு. ஏரியை மூன்று நான்கு பாகமாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பாகமாக அகற்றி, அந்த இடத்தில் நாட்டு மரம் வளர்ந்த பிறகே அடுத்த பாகத்தில் கை வைக்க வேண்டும். வெட்டும் கூலியும் விறகும் உள்ளூர் ஏழைகளுக்கே சேரும்படி செய்தால் வேலைக்கு ஊரின் ஆதரவும் கிடைக்கும்.

திட்டும் பள்ளமும்

தூர் எடுக்கும்போது, வயலுக்குப் போனது போக மீதி மண்ணை உள்வாயில் வட்டமான திட்டுகளாகக் குவிக்கலாம். திட்டைச் சுற்றி மண் எடுத்த பள்ளம் அகழிபோல் அமையும். திட்டின் மேல் நாட்டுக் கருவேலம் விதைக்க வேண்டும். இது பல மாதங்கள் நீர் தேங்கினாலும் தாங்கும். ஆட்டுப் பட்டியில் ஆடுகள் கழித்த விதையைச் சேகரித்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். நீர் ஓரத்தில் நீர்க்கடம்பு, மருதம், நாவல் நடலாம். மேட்டில் புங்கம், நொச்சி வைத்தால் தழை உரத்துக்கும் உதவும்.

கரையின் மேல் பெரிய மரம் வைக்கக்கூடாது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்தத் துவாரம் வழியாக நீர் கசியும். கரையின் வெளிப்புற அடிவாரத்தில் பனையும், சரிவில் வெட்டிவேரும் மண்ணைப் பிடித்து நிறுத்தும்.

தண்ணீருக்குப் போட்டி

இதில் ஒரு சிக்கல் உண்டு. தை, மாசியில் சம்பாவின் கடைசித் தண்ணீருக்காக மதகைத் திறக்கும் சமயத்தில்தான் மரத்தில் குஞ்சுகள் இருக்கும். மரத்தடியில் நீர் வற்றினால் நாயும் பூனையும் ஏறிவிடும். தாய்ப் பறவைகள் கூட்டைக் கைவிட்டுவிடும். பயிரைக் காய விடவும் முடியாது. திட்டைச் சுற்றிய பள்ளம் மதகின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால், மதகு வழியே நீர் போன பிறகும் அங்கே தண்ணீர் நிற்கும். பயிருக்கும் பஞ்சமில்லை, பறவைக்கும் காவல். கால்நடைக்கும் கோடையில் குடிநீர் கிடைக்கும்.

எந்த மாதத்தில் எந்த வேலை

வைகாசி முதல் ஆடி வரை ஏரி வறண்டிருக்கும்போது சீமைக் கருவேலம் அகற்றுதல், தூர் எடுத்தல், திட்டு அமைத்தல் ஆகியவற்றை முடிக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியில் விதைப்பும் நடவும் செய்யலாம். இளங்கன்றுகளுக்கு முள் அடைப்பு அவசியம். ஐப்பசி முதல் மார்கழி வரை கரையையும் கலிங்கையும் கண்காணிக்க வேண்டும். கூடு கட்டத் தொடங்கியது முதல் பங்குனி வரை உள்வாயில் மரம் வெட்டுவது, வெடி வெடிப்பது கூடாது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பகுதியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் மக்கள் வெடி வெடிப்பதில்லை. சுற்று வயல்களில் கடும் நஞ்சுகளைத் தெளிப்பதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். நஞ்சு கலந்த நத்தையைத் தின்னும் பறவையும் மடியும்.

யாரிடம் கேட்பது?

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. மரம் வெட்டவோ திட்டு அமைக்கவோ அவர்களின் எழுத்துமூல அனுமதி தேவை. வயலுக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரின் அனுமதி பெற வேண்டும். சரணாலய ஏரியானால் வனத்துறையின் சம்மதமின்றி மண்வெட்டி இறக்கக்கூடாது. கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஏரியின் படத்தில் வேலைகளைக் குறித்து எடுத்துச் சென்றால், தனித்தனியே அலைவதைவிடக் காரியம் சுலபமாக முடியும்.