ஒரே இயர்போன், வேறு வேறு செவிகள்

கள்ளக்குறிச்சியின் அரிசி ஆலையொன்றில் பல்லாண்டுகள் உழைத்தவரும், கல்வராயன் மலைச் சிற்றூரில் இயந்திர இரைச்சல் அதிகமின்றி வளர்ந்தவரும் ஒரே இயர்போனில் ஒரே பாடலைக் கேட்டாலும், இருவருக்கும் அது ஒன்றுபோல் ஒலிக்கும் என்று சொல்வதற்கில்லை. வேறுபாட்டின் பெரும்பகுதி அவர்களுடைய செவியிலும் கேட்டுப் பழகிய ஒலிகளிலும் இருக்கிறது.

பெரியவர்களின் செவிக்குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையது; நொடிக்கு 3,000 அதிர்வுகளை, அதாவது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அது இயல்பாகவே மிகுத்துத் தருகிறது. குழலின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுவதால் இந்த மிகையும் மாறுகிறது. இயர்போனின் ரப்பர் முனை செவியில் சரியாகப் பொருந்தாவிட்டால், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலி மெலிந்து, நல்ல கருவியும் மட்டமானதாகத் தோன்றும்.

நெடுநாள் பேரிரைச்சல் உட்செவியின் நுண்ணிய மயிரணுக்களை அழிக்கிறது. அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. இந்த இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியே தொடங்குவதால் ச, ஷ போன்ற ஒலிகளின் கூர்மை முதலில் மங்க, பாதிக்கப்பட்டவர் இயர்போனைக் குறைகூறி ஒலியளவைக் கூட்டுகிறார். கூட்டிய ஒலி எஞ்சிய அணுக்களையும் தாக்குகிறது. மிகவும் வருந்தத்தக்க நிலை இது. அமைதியான சூழலில் வாழ்ந்த அன்றைய சூடானின் மபான் மக்களிடையே முதியோரின் கேள்வித்திறன் நன்றாக இருந்ததை ஆய்வாளர் சாமுவேல் ரோசன் குழுவினர் 1962இல் பதிவுசெய்தனர். ஆனால் உணவும் மரபும் இதில் பங்குபெறக்கூடும் என்பதால், அந்த முடிவைக் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது.

பழக்கத்தின் பங்கும் சிறிதன்று. மேற்கத்திய இசை அதிகம் எட்டாத பொலிவியாவின் சிமானே மக்கள், மேற்கத்தியச் செவிக்கு உறுத்தும் சுரச்சேர்க்கைகளையும் இனியவற்றையும் ஒரே அளவில் விரும்பினர் என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. விடிய விடியத் தெருக்கூத்தின் முகவீணையைக் கேட்டு வளர்ந்தவர் கூரிய ஒலியை எதிர்பார்ப்பதும், திரையரங்கின் அதிரும் ஒலியில் பழகியவர் அதைக் காதைக் குத்துவதாக உணர்வதும் இயல்பே. இவ்விருவருள் ஒருவர் தரும் மதிப்பீடு மற்றவருக்கு அளவுகோல் ஆகாது.

ஆகவே இயர்போன் வாங்குவோர் நன்கு பழகிய பாடலொன்றைத் தேர்ந்து, சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும் என்பதால் ஒலியளவைச் சமமாக வைத்து ஒப்பிட வேண்டும். பேச்சொலிகள் தெளியாதவர்கள் புதிய கருவி தேடுமுன் கேள்வித்திறனைச் சோதித்துக்கொள்ளட்டும். வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் பாதுகாப்பான கேட்பு வரம்பு.