பறக்க முடிந்தும் கலக்காத சிட்டுகள்

மெக்சிகோவின் கிழக்குக் காடுகளில் காம்பிலோப்டெரஸ் கர்விபென்னிஸ் என்று நீண்டகாலம் வகைப்படுத்தப்பட்ட ஹம்மிங்பேர்ட் வாழ்கிறது. பச்சை முதுகு, சாம்பல் வயிறு, ஊதா உச்சி. சியரா மாத்ரே ஓரியெந்தால் மலைத்தொடர், வேராக்ரூஸ் கடலோரத்து லோஸ் துஸ்த்லாஸ் எரிமலைக் காடு, யுகடான் தீபகற்பம் ஆகிய மூன்று இடங்களிலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே பறவைதான். ஆனால் 160 பறவைகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, இவை தமக்குள் கலப்பே இல்லாத மூன்று வம்சங்கள் என்று காட்டியது. யுகடான் பறவைகள் சுமார் 14 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, தெஹுவான்டெபெக் பூசந்தியின் தாழ்நிலத்தால் பிரிந்தவை. துஸ்த்லாஸ் பறவைகள் தனித்துப்போனது அதற்கு வெகுகாலம் பின்னர். தாய்வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை வைத்து இப்படிச் சொல்லலாமா என்று கேட்பது நியாயமே. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் பத்து மரபுக் குறியீடுகளும் இதே பிரிவைக் காட்டியதால்தான் முடிவு வலுப்பெறுகிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. வட அமெரிக்காவின் செந்தொண்டை ஹம்மிங்பேர்ட் மூன்று கிராம் உடலோடு மெக்சிகோ வளைகுடாவையே தாண்டுகிறதே, இந்த மெக்சிகோப் பறவைக்கு ஒரு தாழ்நிலம் தடையா? சிறகின் வலிமையும் இணைசேரும் இடமும் வேறுவேறு விஷயங்கள் என்பதே என் பதில். இந்தச் சிட்டுகளில் ஆண்கள் காட்டுக்குள் ஓரிடத்தில் கூடிப் பாடுகின்றன. பெண்கள் அங்கே தேடி வருகின்றன. தன் காட்டை விட்டு நெடுந்தூரம் போகாத பறவைக்கு, கடக்கும் திறன் இருந்தும் கடக்க வேண்டிய தேவை எழுவதில்லை. இந்தப் பாட்டைச் சிட்டுகள் கேட்டுக் கற்பதாகவே கருதப்படுகிறது. கற்ற பாட்டு சில தலைமுறைகளிலேயே மாறக்கூடும் என்பதால், பாட்டு வேறுபாட்டை மட்டும் பழம்பிரிவுக்குச் சான்றாக்க முடியாது. ஆயினும் அதிக காலம் பிரிந்திருந்த வம்சங்களே மிகக் குறைவான ஒலிக்கூறுகளைப் பகிர்கின்றன. மேலும் துஸ்த்லாஸ் பறவைகள் உடல் பெருத்தவை, யுகடான் பறவைகளின் அலகு குட்டை. அலகைக் கேட்டுக் கற்க முடியாது.

இவை ஒரே இனத்தின் கிளைகள்தானே, எங்கோ ஒரு காட்டில் பிழைத்தால் போதாதா என்பாரும் உண்டு. போதாது. துஸ்த்லாஸ் 1998இல் உயிர்க்கோளக் காப்பகமாவதற்குள் அதன் காட்டில் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சலுக்காக அழிந்திருந்தது. எஞ்சியதும் போனால், சியரா மாத்ரேவிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து விட்டாலும் துஸ்த்லாஸ் வம்சம் திரும்பாது. மூன்றையும் ஒரே இனமாக எண்ணும் பட்டியலிலோ ஒரு பெயர்கூடக் குறைந்திருக்காது.