நாரிப்பிடிப்பும் வைத்தியரின் கையும்

"ஒஸ்டியோபதி எண்டு ஒரு வைத்தியம் இருக்காம், பிள்ளை. லண்டனில மகளுக்கு நாரி நோ அதோட மாறிட்டுதாம். இஞ்ச செய்வியளோ?"

கேட்டவர் திருக்கடலூரில் இளவயது முதல் கரைவலை இழுத்த ஒரு ஐயா. திருகோணமலையில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. இங்கே பல வீடுகளுக்கு லண்டனிலோ டொரன்டோவிலோ பாரிஸிலோ ஒரு பிள்ளை இருக்கிறது. அங்கே பார்த்த வைத்தியத்தின் பேச்சு தொலைபேசி வழியே இங்கே வந்துவிடுகிறது. நோவும் இங்கே குறைவில்லை. வலைக்கயிற்றை இடுப்பில் கொழுவிப் பின்பக்கமாகச் சாய்ந்து நடப்பவருக்கு நாரி. சீனக்குடாப் பக்கம் மூட்டை ஏற்றுபவருக்குக் கழுத்தும் தோளும். கருவாடு காயவைக்கக் குந்தியிருக்கும் பெண்களுக்கு முழங்கால். எனவே அந்த ஐயாவுக்குச் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

ஒஸ்டியோபதியைத் தொடங்கியவர் அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க வைத்தியர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது. அக்கால மருந்துகளில் அவருக்கு நம்பிக்கை விட்டுப்போனது. எலும்பும் தசையும் சரியாக இருந்தால் இரத்தம் தடையின்றி ஓடும், உடல் தன்னைத்தானே குணமாக்கும் என்ற கருத்தை 1874இல் வெளியிட்டார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் திறந்தார். முதல் வகுப்பிலேயே பெண்களும் படித்தார்கள். இன்று அமெரிக்காவில் அந்த வழியில் படித்து வருபவர்கள் மருந்து எழுதவும் சத்திரசிகிச்சை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர்கள். பிரித்தானியாவில் அப்படியல்ல. அங்கே கையால் செய்யும் சிகிச்சைதான் அவர்கள் தொழில். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு இல்லாத எவரும் தன்னை ஒஸ்டியோபத் என்று அழைத்துக்கொள்ள முடியாது. எல்லா நோய்க்கும் மூலம் எலும்பு என்ற ஸ்டிலின் பழைய எண்ணத்தை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை.

அந்த மகள் லண்டனில் போன இடத்தில் என்ன நடந்திருக்கும்? முதல் நாள் கை வைப்பதற்கு முன் பேச்சுத்தான் நீளும். நோ எப்போது தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா, தும்மினால் கூடுகிறதா, நித்திரையைக் குழப்புகிறதா, எங்காவது விழுந்தீர்களா, என்ன குளிசை எடுக்கிறீர்கள், நாள் முழுக்க என்ன வேலை. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர், எலும்பு மெலிந்தவர், முன்பு புற்றுநோய் வந்தவர் என்றால் அதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு நிற்கச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், திரும்பச் சொல்வார்கள். முதுகைப் பார்க்க மேலாடையைத் தளர்த்தவோ கழற்றவோ கேட்கலாம். விருப்பமில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. துணைக்கு ஆளை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. இதைக் குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்கிறேன். கிண்ணியாவிலிருந்து வரும் ராத்தாமார் பலர் கூச்சத்தாலேயே ஆண்டுக்கணக்கில் நோவைத் தாங்கிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

கை வைக்கும் பகுதி அநேகமாக மெதுவானது. இறுகிய தசையை அழுத்தி இளக்குவார்கள். மூட்டை அதன் எல்லைவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவார்கள். "என் கையைத் தள்ளுங்கள், இப்போது விடுங்கள்" என்று உங்கள் தசையையே வேலை செய்யவைப்பார்கள். சில வேளை குறுகிய, வேகமான ஒரு தள்ளல் இருக்கும். அப்போது 'சடக்' என்று சத்தம் கேட்கலாம். இதில் பாதியை நானும் செய்கிறேன். பிசியோதெரபியும் ஒஸ்டியோபதியும் இந்த இடத்தில் பெரிதும் ஒன்றுதான்.

அந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விலகிய எலும்பு தன் இடத்தில் இருந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயு இடைவெளி ஒன்று உண்டாகிறது. 2015இல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக் காட்டினார்கள். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் வைத்தியம் பிழை என்று எண்ண வேண்டாம். கழுத்தைச் சுழற்றி வேகமாகத் திருப்புவதை நான் செய்வதில்லை. அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் நாடி கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. அந்த ஆபத்தைத் தாங்குமளவுக்கு அதில் பலன் இல்லை என்பது என் முடிவு.

"எலும்பு விலகி இருக்கு" என்ற பேச்சும் ஆட்களைப் பயப்படுத்திப் படுக்கவைக்கிறது. 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோவே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 வீதமானோருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 வீதமானோருக்கும் முதுகெலும்புத் தட்டில் தேய்வு தெரிந்தது. படத்தில் தெரிவதெல்லாம் நோவின் காரணம் அல்ல.

சரி, கையால் செய்வது பலன் தருமா? பிரான்சில் நாரி நோ உள்ள 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உண்மையான ஒஸ்டியோபதியும் மறுபகுதிக்கு மேலோட்டமாகத் தொடும் பாவனைச் சிகிச்சையும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஆறு தடவை கொடுத்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களின் அசைவுச் சிரமம் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் அன்றாட வாழ்வில் உணரும் அளவு வேறுபாடு அது அல்ல. பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல் 2016இல் சொன்னது இன்னும் தெளிவு: கைச் சிகிச்சை கொடுக்கலாம், ஆனால் தேகப்பயிற்சியோடு சேர்த்து மட்டும். என் அனுபவமும் அதுதான். கை வைத்தபின் ஓரிரு நாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் நோகலாம். அதன்பின் சில நாட்கள் இலேசாக இருக்கும். அந்த இலேசான நாட்களில் நடந்து, குனிந்து, தசையைப் பலப்படுத்தினால் நோ திரும்பி வருவது குறையும். மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் மாற்றமில்லையென்றால், வைத்தியரே அதைச் சொல்லி வேறு வழி பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் வரச்சொல்லி முற்பணம் வாங்கும் இடத்தை நம்பாதீர்கள்.

கையால் பார்க்கும் வைத்தியத்துக்கு நாம் லண்டனைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. சித்த மருத்துவத்தின் புறமருந்துகள் முப்பத்திரண்டில் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதற்கு ஒன்பது வகை. ஒஸ்டியோபத் செய்யும் பலவற்றை இந்தப் பட்டியலிலேயே காணலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இன்று சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. ஊர்களில் முறிவு நெரிவு பார்க்கும் பரம்பரை வைத்தியர்களும் இருக்கிறார்கள். அவர்களில் நல்ல கைகாரர்களை நான் மதிக்கிறேன். ஆனால் விழுந்து வீங்கிய கையை எக்ஸ்றே எடுக்காமல் இழுத்துக் கட்டுவதை ஏற்க முடியாது. யாரிடம் போனாலும் பதிவைக் கேளுங்கள். சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்களுக்கு 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு உண்டு. பிசியோதெரபிஸ்ட் என்றால் இலங்கை மருத்துவ சபையின் பதிவு. ஒஸ்டியோபத் என்று பலகை போட்டவரிடம், எந்த நாட்டில், எத்தனை வருடம் படித்தீர்கள் என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் கோபிப்பவரிடம் உடம்பைக் கொடுக்க வேண்டாம்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் நாரி இளகுகிறது என்று சொல்பவர்களும் வருகிறார்கள். உண்மைதான், சூடு தசையை இளக்கும். குளித்துவிட்டு வந்து மூன்று நாள் பாயில் படுத்துவிட்டால்தான் அந்தப் பலன் வீண்.

திருக்கடலூர் ஐயாவுக்கு நான் தசையை இளக்கிவிட்டேன், முதுகுக்கும் தொடைக்கும் பயிற்சி கொடுத்தேன். அதைவிட அதிக நேரம் அவர் வேலையைப் பற்றிப் பேசினோம். கயிற்றின் ஒரே பக்கத்தில் எப்போதும் நிற்காமல் மாறி மாறி நிற்பது, காலையில் முதல் இழுவைக்கு முன் கரையில் கொஞ்சம் நடப்பது, மீன்பெட்டியை இருவராகத் தூக்குவது. "அப்ப எலும்பைத் தட்டி இருத்த மாட்டியளோ?" என்று கேட்டார். "இருத்த ஒண்டும் விலகேல்லை, ஐயா" என்றேன்.

எந்தக் கையும் தொடக்கூடாத நோவும் உண்டு. நாரி நோவோடு சலம் போவது தெரியாமல் போனால் அல்லது அடைத்துக்கொண்டால், மலவாயைச் சுற்றியும் தொடையின் உட்புறமும் மரத்துப்போனால், கால் வலுவிழந்து பாதம் இழுபட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்புக்கற்றை நெரிபடும்போது மணித்தியாலங்கள்கூட முக்கியம். நாரி நோவோடு காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, இரவில் படுத்தாலும் ஓயாத நோ இருந்தாலும் எண்ணெய் பூசிப் பார்க்காமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இடது தோளோ தாடையோ நோவதோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் அது தோள்மூட்டு வருத்தமாக இல்லாமல் மாரடைப்பாக இருக்கலாம். உருவி விட ஆள் தேடாமல் உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.