மார்கழி வாசலுக்கு ஒரு பரங்கிக் கொடி

மார்கழி விடியலில் நீர் தெளித்து மாக்கோலம் இட்ட வாசலுக்கு நிறைவு தருவது, நடுவே சாண உருண்டையின் மீது மலர்ந்திருக்கும் பரங்கிப் பூவே. சில ஊர்களில் இதனைப் பூசணிப் பூ என்பர். மல்லிகை ஓய்ந்திருக்கும் பனிக்காலத்தில் இக்கொடி பொன்னிறமாகப் பூத்துக் குலுங்குகிறது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய கொடி இது. ‘பரங்கி’ என்னும் பெயரே அது அயலார் வழி வந்ததைச் சொல்லிவிடுகிறது. ஆயினும் இன்று அதனை அயலார் என்று எவரும் கருதுவதில்லை.

மார்கழியில் பூ வேண்டுவோர் ஐப்பசி முதல் வாரத்திலேயே விதை ஊன்றுதல் நலம். ஏறத்தாழ 40 முதல் 45 நாட்களில் பூக்கத் தொடங்கும். பதினைந்து நாள் கழித்து மேலும் சில விதைகளை ஊன்றினால் தை வரை பூவுக்குப் பஞ்சமிராது. அடைமழைக் காலமாதலின், நீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே மண்ணை மேடாக்கி, மக்கிய தொழுவுரம் இட்டு ஊன்ற வேண்டும். நல்ல வெயில் படும் இடமே ஏற்றது.

இனி, பல இல்லங்களில் எழும் வழக்கு ஒன்று உண்டு. மாமியார் கோலத்திற்குப் பூ கேட்பார். காய் போய்விடுமே என மருமகள் தயங்குவார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே சிறு பிஞ்சு திரண்டிருப்பது பெண் பூ. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை ஒருபோதும் காயாகா. எனவே தயங்காமல் பறிக்கலாம். பெண் பூவைத் தொடலாகாது.

ஆனால் ஒரு சிக்கல். பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் கூம்பிவிடும். தேனீ வரும் வேளையும் கோலமிடும் வேளையும் ஒன்றே. ஆண் பூக்கள் அனைத்தையும் பறித்துவிட்டால் மகரந்தமின்றிப் பிஞ்சு வெம்பி உதிரும். இரண்டொரு பூக்களைக் கொடியிலேயே விட்டுவைக்கலாம். அதனினும் எளிய வழி, பறித்த ஆண் பூவின் இதழ்களைச் சற்றே விலக்கி, நடுத்தண்டின் மஞ்சள் பொடி ஒட்டும்படி பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுவது. பின்னர் அதே பூவைச் சாணப் பிள்ளையார் மீது சூட்டிவிடலாம்.

திருநெல்வேலிப் பக்கத்தில் அப்பூச் சாணத்தை வீசி எறிவதில்லை. வரட்டியாகத் தட்டிச் சேர்த்துவைத்து, தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் இட்டபின், சிறுமியர் ஆற்றில் விடுகின்றனர்.