ஜாக்கிக் கணக்கு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்க்கலாம். லாரியைத் தூக்கும் திருகு ஜாக்கி ஒன்று. கைப்பிடி 50 செ.மீ. நீளம். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு 1 செ.மீ. ஏறுகிறது. அந்த ஒரு சுற்றில் உங்கள் கை போகும் தூரம் 2 × 3.14 × 50, அதாவது 314 செ.மீ. கை 314 போனால் சுமை 1 ஏறுகிறது. இதுதான் வேக விகிதம். ஸ்கேல் இருந்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

அப்படியென்றால் 1,000 கிலோவைத் தூக்க 3 கிலோ சொச்சம் விசை போதுமே என்று தோன்றும். போதாது. மரையோடு மரை உரசுகிறதே, அதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பது தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு சுமைகளை வைத்து அளந்தால் போதும். 200 கிலோவுக்கு 5 கிலோ முயற்சி, 600 கிலோவுக்கு 9 கிலோ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சுமை 400 கூடியதற்கு முயற்சி 4 கூடியிருக்கிறது, கிலோவுக்கு 0.01. அந்தக் கணக்கில் 200-க்கு 2 தானே வர வேண்டும்? வந்ததோ 5. மிச்சம் 3, சுமையே இல்லாவிட்டாலும் ஜாக்கியைச் சுற்ற ஆகும் செலவு. ஆக, முயற்சி = 0.01 × சுமை + 3. 1,000 கிலோவுக்கு 13. ஆயிரத்தை 13-ஆல் வகுத்தால் எந்திர லாபம், 77. அதை 314-ஆல் வகுத்தால் பயனுறுதிறன், ஏறத்தாழ 25 சதவீதம்.

உழைப்பில் முக்கால் பங்கு உராய்வுக்கா போகிறது? ஆமாம். எனக்கு மிகப் பிடித்த இடமே இதுதான். கைப்பிடியை விட்டதும் சுமை கீழே இறங்கப் பார்க்கும். அதனிடம் இருப்பது ஏற்றும்போது சேர்ந்த 25 பங்கு; எதிரே நிற்கும் உராய்வு 75. அசையாது. பயனுறுதிறன் 50-க்குக் கீழே இருக்கும்வரை எந்திரம் தானாகப் பின்வாங்காது. கிணற்று ராட்டினம் 50-க்கு மேல், அதனால்தான் கயிற்றை விட்டால் வாளி விழுகிறது.

சுமை ஏற ஏற அந்த 3 கிலோ பொருட்டில்லாமல் போய், பயனுறுதிறன் கூடும். 50-ஐத் தாண்டிவிடாதா? இந்த ஜாக்கியில் தாண்டாது. எந்திர லாபம் 1/0.01, அதாவது 100-ஐ எட்டவே முடியாது. 100/314 என்பது 32 சதவீதம்தான்.

இத்தனையும் மரைக்கான உறுதி மட்டுமே. தரை இளகி ஜாக்கி சாய்ந்தால் இந்தக் கணக்கு காப்பாற்றாது. வண்டிக்கு அடியில் போகுமுன் முட்டுக்கட்டை கொடுத்துவிடுங்கள்.