காகிதத்தில் வந்த அலர்ஜி

டில்லியில் தீபாவளி முடிந்துவிட்டால் எங்கள் காலனியில் இருமல் சத்தம் கேட்காத வீடே கிடையாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 9 வயதுப் பெண்ணுக்கு மூக்கடைப்பு, இரவில் இழுப்பு. யாரோ சொன்னார்கள் என்று ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். ஒரு குழாய் இரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து நான்கு பக்க அறிக்கை வந்தது. பால், கோதுமை, துவரம் பருப்பு, நிலக்கடலை என்று 18 உணவுகளுக்கு எதிரே சிவப்புக் கட்டம். "இதையெல்லாம் ஆறு மாதம் நிறுத்துங்கள்" என்றார் அங்கிருந்த ஆலோசகர்.

நிறுத்தினோம். சாம்பார் போயிற்று, சப்பாத்தி போயிற்று, தயிர் சாதம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிறந்த நாள் கேக்கைத் தொடாமல் கொண்டு வந்து தம்பியிடம் கொடுத்தாள் குழந்தை. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் மட்டும், "பல் முளைச்ச நாளிலேயிருந்து தயிர் சாதம் சாப்பிடற பொண்ணு. சாப்பிட்டதும் என்னைக்காவது ஏதாவது செஞ்சிருக்கா?" என்று கேட்டார். பழைய காலத்துப் பேச்சு என்று நான் காதில் வாங்கவில்லை. நான்கு மாதத்தில் குழந்தையின் எடை இரண்டு கிலோ குறைந்தது. இழுப்பு மட்டும் குறையவில்லை.

கடைசியில் அலர்ஜி நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி என் தாயார் கேட்ட அதே கேள்விதான்.

எது சோதனை?

அவர் விளக்கியதை எளிமையாகச் சொல்கிறேன். அலர்ஜி உள்ளவர்களின் உடலில் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. அதைத் தேட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தோல் சோதனை. கையில் சொட்டு மருந்து வைத்து லேசாகக் குத்துவார்கள். 15 அல்லது 20 நிமிடத்தில் தடிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். ஒப்பிடுவதற்காக உப்பு நீரும் ஹிஸ்டமினும் தனித்தனியே வைப்பார்கள். உப்பு நீர்த் தடிப்பைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால்தான் கணக்கு. இன்னொன்று இரத்தத்தில் ஐஜிஇ அளவைப் பார்ப்பது.

இந்த நல்ல சோதனைகளில்கூட, தடிப்பு வந்தாலே அலர்ஜி நோய் என்று அர்த்தமில்லை. அந்த உணவைச் சாப்பிட்டபோது என்ன நடந்தது என்ற கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். சந்தேகம் தீராவிட்டால் மருத்துவர் கண்காணிப்பில் சிறிது சிறிதாகச் சாப்பிட வைத்துப் பார்ப்பதே முடிவான வழி.

எங்கள் பெண்ணுக்கு எடுத்ததோ ஐஜிஜி சோதனை. நாம் சாப்பிடும் உணவுகளுக்கு ஐஜிஜி உண்டாவது இயல்பு. பால் குடிக்கிற குழந்தைக்குப் பாலுக்கான ஐஜிஜி இருக்கும், அவ்வளவுதான். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஜி4 சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் கழகம் 2008லேயே சொல்லிவிட்டது. முடியை அனுப்பி அலர்ஜி பார்ப்பதற்கும் அறிவியல் ஆதாரம் கிடையாது.

என் பெண்ணுக்குத் தோல் சோதனையில் தெரிந்தது, மெத்தை, தலையணைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிதான். தயிருக்கும் இழுப்புக்கும் சம்பந்தமே இல்லை.

நீதிமன்றம் என்ன பார்க்கிறது?

ஆஸ்திரேலியாவில் 'அலர்ஜி பாத்வே' என்ற நிறுவனம், தசையின் பலத்தைச் சோதித்து அலர்ஜியைக் கண்டுபிடித்துக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்தது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2009ல் அந்தக் கூற்றுகள் தவறாக வழிநடத்துபவை என்று முடிவாயிற்று. இனிச் சொல்வதில்லை என்று நிறுவனம் நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் எழுதிய பாராட்டுகளைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் அப்படியே விட்டு வைத்தது. அதுவும் நிறுவனத்தின் விளம்பரமே என்று சொல்லி, 2011ல் நீதிமன்ற அவமதிப்புக்காக நிறுவனத்துக்கும் அதன் இயக்குநருக்கும் தலா 7,500 டாலர் அபராதம் விதித்தார்கள்.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மருத்துவரின் கணிப்புப் பிழை ஒவ்வொன்றும் கவனக்குறைவு ஆகிவிடாது என்று ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005ல் சொன்னது. ஆகவே 'முடிவு தப்பாக வந்தது' என்பது மட்டும் போதாது. சோதனையைச் செய்த விதத்தில் குறை இருந்தது என்றோ, அந்தச் சோதனையால் சொல்லவே முடியாததைச் சொல்லும் என்று நம்பவைத்து விற்றார்கள் என்றோ காட்ட வேண்டும்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம்: நாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு வழக்குப் போடலாம் என்று கிளம்பினேன். கையில் என்ன இருந்தது? ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த தொகையும் தொலைந்துவிட்டது. கோபத்தில் அறிக்கையையும் கிழித்துப் போட்டிருந்தேன். என் வழக்கு வீட்டுக் குப்பைக் கூடையிலேயே தள்ளுபடி ஆயிற்று.

நண்பர்கள் கவனத்துக்கு

1. சோதனைக்கு முன்பே, "இது ஐஜிஇயா, ஐஜிஜியா? எந்த மருத்துவர் முடிவைப் பார்த்துச் சொல்வார்?" என்று கேளுங்கள்.

2. பெயர், தேதியுடன் ரசீது வாங்குங்கள். அறிக்கையையும் விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

3. அறிக்கையை மட்டும் நம்பிக் குழந்தையின் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.

4. அதே சமயம், ஏதாவது சாப்பிட்டதும் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறியிருந்தால் அது உயிருக்கே ஆபத்தான அலர்ஜியாக இருக்கலாம். அந்த உணவை வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

5. ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் விசாரியுங்கள்.

மெத்தை, தலையணைக்கு உறை மாற்றினோம். மருத்துவர் சொன்னபடி மருந்து நடக்கிறது. பெண் பழையபடி தயிர் சாதம் சாப்பிடுகிறாள். என் தாயார் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இன்னொரு கரண்டி போடுகிறார், அவ்வளவுதான்.

இதுபோன்ற அனுபவம் உள்ள சங்க அன்பர்கள் எழுதினால் மற்றவர்களுக்கும் உபயோகமாக இருக்கும்.